சறுக்கும் கேள்வியோடு ஒரு வாரம்

காட்கோபர் கிழக்கு காமராஜ் நகரிலிருந்து பவாய் பஸ் தூரம்தான். அங்கே இருக்கிறது மகாராஷ்டிர தேசிய சட்டப் பல்கலைக்கழகம். ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு அதில் சேர 'கிளாட்' நுழைவுத் தேர்வைத் தாண்டியாக வேண்டும். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் காலி. அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமே. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வழியை நம்புகிறார்கள்: மாதிரித் தேர்வுகளை வரிசையாக எழுதித் தள்ளுவது.

இருபது தேர்வு எழுதியும் மதிப்பெண் அசையாது. தெரிந்த பகுதிக்கே திரும்பத் திரும்பப் பயிற்சி கிடைக்கிறது. சறுக்கும் வகையோ, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சறுக்கிவிட்டுப் போகிறது.

பலரையும் கவிழ்ப்பது சட்டத் தர்க்கப் பகுதி. 28 முதல் 32 கேள்விகள். ஒரு பத்தியில் விதியைக் கொடுத்துவிட்டு, அதை ஒரு சம்பவத்துக்குப் பொருத்தச் சொல்வார்கள். மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்பது விதி. கல்கத்தாவின் மோஹரி பீபி வழக்கில் 1903ல் பிரிவி கவுன்சில் சொன்னது. கேள்வியில் 17 வயதுப் பையன் வயதைப் பொய் சொல்லித் தவணையில் ஸ்கூட்டர் வாங்குகிறான். 'பொய் சொன்னவன் பணம் கட்டியே தீர வேண்டும்' என்று ஒரு விடை. நம் நியாய உணர்வு அங்கேதான் கைவைக்கும். பத்தியில் உள்ள விதிப்படி ஒப்பந்தமே இல்லை. அதைக் காட்டித் தவணை கேட்க முடியாது.

இதில் குருட்டு ஊகத்தைவிடக் கவர்ச்சியான தவறுதான் ஆபத்து. ஐந்தில் ஒன்று சரியானால் நான்கு தவறுகள் அந்த ஒரு மதிப்பெண்ணையும் விழுங்கிவிடும். கிடைப்பது பூஜ்யம்.

எனவே ஒரு வாரத்துக்கு அந்த ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடலாம். ஒரு நாளைக்கு ஆறேழு கேள்வி போதும். விட்ட மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஆளுக்கொரு வரி நோட்டில் எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே இன்னும் சலிப்பு. ஆனால் நான்காம் நாள் நோட்டைப் புரட்டினால் குட்டு வெளிப்படும். பத்தியைச் சரியாகப் படிக்காததா, விதி புரிந்தும் சொந்த நியாயத்தை நுழைத்ததா, கடைசி இரண்டு விடைகளில் தடுமாறியதா? மூன்றுக்கும் மருந்து வேறு. கணக்கில் பலவீனம் என்றால் அவ்வளவு பதற வேண்டாம். அது 10 முதல் 14 கேள்விதான், பத்தாம் வகுப்புப் பாடம்.

அடுத்த கட்டம் கடிகாரத்தோடு. அதன் பிறகு மற்ற வகைகளோடு கலந்துவிட வேண்டும். இங்கே மதிப்பெண் இறங்கும், பயப்படத் தேவையில்லை. அமெரிக்காவில் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குக் கணக்கு கொடுத்துப் பார்த்தார்கள். 2007ல் வெளியான முடிவு: வகைவாரியாகப் பழகியவர்கள் பயிற்சியில் 89 சதவீதம், கலந்து பழகியவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20க்குச் சரிந்தது. இரண்டாவது 63ல் நின்றது.

2022 கடைசியிலிருந்து கிளாட் டிசம்பரில் நடக்கிறது. கணபதி விசர்ஜனம் முடிந்த மறுநாள் நோட்டைத் திறந்தால்கூட இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.