நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

"மனசு வைத்தால் செய்வான். மனசுதான் இல்லை." நம் அலுவலகங்களில் ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று முத்திரை குத்த இது போதும். இதற்கு ஆதாரமும் தயாராக இருக்கும்: "போன மாசம் ஒரே ராத்திரியில முடிச்சுக் குடுத்தானே, இப்ப என்ன கேடு?"

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் இந்த ஆதாரம் தலைகீழானது. இன்று முடிவது நாளை முடியாமல் போவது அந்தக் குறைபாட்டின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. புதிய வேலை, அவசர வேலை, பிடித்த வேலை என்றால் சோறு தண்ணீர் மறந்து மூழ்கிவிடுவார்கள். பலன் தள்ளியிருக்கும் சலிப்பான வேலையைத் தொடங்கவே திணறுவார்கள். எதை முதலில் எடுப்பது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணித்து, அதன்படி தன்னை நகர்த்தும் மூளைத்திறன் இவர்களிடம் தடுமாறுகிறது. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல்லாண்டுகளாக வலியுறுத்துவது இதைத்தான்: இவர்களுக்கு அறிவில் குறையில்லை, அறிந்ததை உரிய நேரத்தில் செய்து முடிப்பதில்தான் சிக்கல்.

எனக்குத் தெரிந்த இப்படிப்பட்ட ஒரு பெண், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஜி.எஸ்.டி. கடைசி நாளான இருபதாம் தேதி மாலை, மற்றவர்கள் கைவிட்ட உள்ளீட்டு வரி வித்தியாசத்தை உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதே பெண்ணின் மேசை இழுப்பறையில் மூன்று மாதப் பயண பில்கள் கிடக்கின்றன. அவருக்கு வரவேண்டிய சொந்தப் பணம் அது! அக்கறையின்மைதான் காரணம் என்றால், தன் பணத்தின் மீதுமா ஒருவருக்கு அக்கறை இருக்காது?

"எல்லாருக்கும் மறதி உண்டு, இப்ப இது ஒரு ஃபேஷன்" என்பார்கள். மறதி எல்லாருக்கும் உண்டுதான். ஆனால் மருத்துவர் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைக் குலைக்கின்றனவா என்று பார்க்கிறார். இந்தக் குறைபாடு இருந்தும், வகுப்பில் துள்ளாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் பலர் யார் கண்ணிலும் படாமலே வளர்ந்து வேலைக்கு வந்துவிட்டார்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதும் பலர் விஷயத்தில் பொய்.

உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. வேலை பார்ப்பவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகவும், அதனால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 22 வேலை நாள்கள் பாழாவதாகவும் அது கணித்தது. சிகிச்சை பெற்றவர்களோ மிகக் குறைவு. திட்டுவதால் அந்த நாள்கள் திரும்புமா? திட்டு வாங்கியவர் பயத்தில் இன்னும் ஒளிந்துகொள்வார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஏ.டி.எச்.டி. அதில் தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. ஆக, ஊழியர் பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டியது மேலாளரின் புரிதலைத்தான்.

மேலாளர்களே, வாய்வழி உத்தரவை எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசிக்கு ஒரே கெடு வைக்காமல் வாரம் ஒரு சிறு கெடு வையுங்கள். நடுவில் ஒரு தடவை "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. இவற்றைச் செய்து பார்க்கும் வரை, வருடாந்தர மதிப்பீட்டில் 'பொறுப்பில்லாதவர்' என்று எழுதுவதை நிறுத்தி வையுங்கள்.