முதுகுக்கு யார் கணக்கெழுதுவது?

பல்லேகல தொழிற்பேட்டையில் நின்று உழைப்பவருக்கும், கண்டி மலைகளில் கொழுந்துக்கூடை சுமப்பவருக்கும் முதுகே மூலதனம். அந்த முதுகில் சத்திரசிகிச்சை செய்த பின்னும் வலி தீராவிடில் என் செய்வது? விலையுயர்ந்த கருவியே விமோசனம் என்கிறது மருத்துவச் சந்தை.

முள்ளந்தண்டு வடத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவியை உடலுள் பதிப்பது செலவுக்கேற்ற பயனுடையதென 2008இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால், 2022இல் வெளிவந்த நோர்வே ஆய்வு கூறுவதென்ன? முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் காலில் வலி நீடித்த 50 பேரிடம், கருவி இயங்கிய காலத்துக்கும் இயங்காத காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! ஓர் ஆய்வு இறுதித் தீர்ப்பன்று, மெய்தான். ஆயினும், பயனே ஐயத்துக்குரியதானால் செலவுக் கணக்கு எதன்மேல் நிற்கும்?

இன்னொன்று: நைஸின் கணக்கு அரசின் சுகாதாரச் செலவையே பார்ப்பது, நோயாளி இழக்கும் கூலி அதில் ஏறாது. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. வைத்தியசாலை வாசலில் கழியும் ஒரு நாள், அவர் வீட்டு அடுப்பு அணையும் நாளன்றோ?

ஏழைக்கு நவீன சிகிச்சை வேண்டாமா என்பர். வேண்டும், பயன் மெய்ப்பிக்கப்பட்டது வேண்டும். பேராதனைப் பேராசிரியர் சேனக பிபிலே மருந்துகளைக் குறித்து எழுப்பிய கேள்வியும் இதுவே; அச்சிந்தனையின் விளைவே 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! தோட்டந்தோறும் இயன்மருத்துவம், சம்பளத்துடன் ஓய்வு, சுமையிற் குறைப்பு ஆகியவற்றை முதலிற் கேட்போம். கூடையின் பாரத்தைக் குறைக்காது முதுகைத் திருத்த எந்தக் கருவியாலும் ஆகாது.