எட்டு வீட்டுக் கூச்சல்

போன மாதம் பாலக்கோட்டில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததுமே, "நல்ல வேளை வந்தாய், அக்கா! இவளுக்கு நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றாள்.

'இவள்' என்றது அவள் பெண்ணை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு மேலதிகாரிகளோடு பேச உட்கார்ந்தால், பாதியில் படம் நின்றுவிடுகிறது, குரல் அறுந்துவிடுகிறது. "இப்படியே இருந்தால் பெங்களூருக்கே வந்துவிடு" என்று சொல்லிவிட்டார்களாம். ஆறு மாதக் கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்?

"எல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள் வேலை, பெரியம்மா! நம் வைஃபையைத் திருடுகிறார்கள்" என்றாள் பெண். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றிருந்தது.

திருட்டுமில்லை, புரட்டுமில்லை! அந்தத் தெருவில் சுவரோடு சுவராக எட்டு வீடுகள். எட்டிலும் ஒவ்வொரு வைஃபை பெட்டி. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் ஏலம் நடக்கிறபோது போயிருக்கிறீர்களா? ஒருவர் கூவும்போது மற்றவர் பொறுத்திருந்தால் விலை காதில் விழும். எல்லோரும் சேர்ந்து கூவினால்? இந்தப் பெட்டிகள் கதையும் அதுதான். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. எட்டுப் பெட்டியும் ஒரே பாதையில் நின்றால் முறை வைத்துத்தான் பேச முடியும். பக்கத்துப் பாதையில் அரைகுறையாக உரசினால் இன்னும் மோசம். முறையும் இல்லை, வெறும் இரைச்சல்தான்.

"இன்னும் பெரிய பெட்டியாக வாங்கிவிட்டால்?" என்றாள் தங்கை.

நீ உரக்கக் கத்தினால் அடுத்த வீட்டுக்காரியும் உரக்கக் கத்துவாள், அவ்வளவுதான்! கத்துவதைவிட, யாரிடம் பேசுகிறோமோ அவர் பக்கம் திரும்பிப் பேசுவது மேல்.

நம் தேனியிலேயே இதைச் செய்து காட்டினார்கள். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்று வட்டாரக் கண் பரிசோதனை நிலையங்களையும், 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வைஃபையாலேயே இணைத்தார்கள். நோயாளி தன் ஊரில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் தேனியில் இருந்தபடியே பார்த்துப் பேசுவார். அகல் விளக்குப் போல் நாலா பக்கமும் சிதறாமல், டார்ச் விளக்குப் போல் ஒரே திசையில் அலையைச் செலுத்தும் ஏரியல்களால் இது முடிந்தது.

ஆனால் டார்ச்சிலும் பக்கவாட்டில் கொஞ்சம் வெளிச்சம் கசியும் அல்லவா? ஒரே கம்பத்தில் இரண்டு ஏரியல் இருந்து, ஒன்று பேசும்போது மற்றது தூரத்துக் குரலைக் கேட்க முயன்றால், அதற்குக் காது அடைத்துப் போகும். இதற்குக் கான்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் ஒரு யுக்தி சொன்னார்கள்: ஒரு கம்பத்து ஏரியல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பேசட்டும், பிறகு ஒரே சமயத்தில் கேட்கட்டும். கேட்கும் நேரத்தில் பக்கத்தில் பேசுகிறவரே இல்லையென்றால் இடைஞ்சல் ஏது?

60 கிகாஹெர்ட்ஸ் என்னும் மிக உயர்ந்த அலைகளிலும் இப்போது இப்படிக் குறி பார்த்துப் பேசும் கருவிகள் வந்திருக்கின்றன. அந்த அலை சுவரைத் தாண்டாது. பலவீனம்தான், ஆனால் அடுத்த வீட்டைத் தொந்தரவு செய்யாதே, அது எவ்வளவு நல்ல குணம்!

எங்கள் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்புக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே இருந்த பெட்டியை, அவள் வேலை செய்யும் அறைக்கு மாற்றினோம். 2018-இல் நம் நாட்டில் தாராளமாகத் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸுக்கு அவள் கணினியை மாற்றினோம். அதில் பாதைகள் அதிகம். சுவரில் அலையும் சீக்கிரம் தேயும்.

மிச்ச வேலைக்கு, ஒரு கிண்ணம் தக்காளித் தொக்கோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேளுங்கள்: "எங்கள் பையன் பாடமும் அறுந்து அறுந்துதான் வருகிறது. நீங்கள்தான் திருடுகிறீர்கள் என்று நினைத்திருந்தோம்!"

அன்று சாயங்காலமே அந்தப் பையன் எட்டு வீட்டுக்கும் போய், 1, 6, 11 என்று பாதைகளைப் பங்கிட்டு வைத்துவிட்டான். ராத்திரி எட்டு மணிக்குப் பெண்ணின் குரல் ஒரு தரம்கூட அறுபடவில்லை. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.