பிழைத்த பின் என்ன?

கேளம்பாக்கத்தில் உப்பளங்களுக்கும் வயல்களுக்கும் பக்கத்திலே அடுக்குமாடிகள் எழுகின்றன. சாரத்தில் ஏறும் கொத்தனாரும், கலவை சுமக்கும் சித்தாளும், ஷிப்ட் முடிந்து வண்டலூர் சாலையில் இருசக்கர வண்டியில் திரும்பும் தொழிலாளியும் தலையைப் பணயம் வைத்துத்தான் ஜீவனம் நடத்துகிறார்கள்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற திட்டத்தை, 2021 டிசம்பர் 18ந் தேதி மேல்மருவத்தூரில் தமிழக சர்க்கார் துவக்கியது. நல்ல காரியம், மனமார வரவேற்கிறோம். (சாரத்திலிருந்து விழுந்தவருக்கு அது கிடையாது.) ஆனால் 49வது மணி நேரத்திலிருந்து?

மண்டைக் காயம் ஆறிவிடும், தையல் பிரித்துவிடுவார்கள். கை, கால் நன்றாகவே இருக்கும். ஆனால் மேஸ்திரி சொன்ன வேலை பத்து நிமிஷத்தில் மறந்து போகும். மெஷின் இரைச்சலில் தலை வெடிக்கும். காரணமில்லாமல் கோபம் வரும். சாதுவாக இருந்தவன் மனைவி மக்கள் மீது எரிந்து விழுவான். சிலருக்கு மாதங்கள் கழித்து வலிப்பு வரும். ஊரார் அவனைச் சோம்பேறி என்பார்கள், குடித்திருக்கிறான் என்பார்கள். தோழர்களே, அது மூளைக்குப் பட்ட அடியின் விளைவு, குணக்கேடு அல்ல.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற தொழிலாளர் நகரம் இருக்கிறது. தலையில் அடிபட்டவர் பிழைத்தாரா என்று பார்த்தால் போதாது, எப்படி வாழ்கிறார் என்றும் பார்க்க வேண்டுமென்று 1975ல் அங்கே ஜென்னட், பாண்ட் என்ற இரு டாக்டர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அதே நகரில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 'லேசான அடி' என்று எழுதப்பட்டவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டுக்குப் பிறகும் முழுதாகத் தேறவில்லை என்று 2000ல் வெளியிட்டார்கள். 5 முதல் 7 ஆண்டுகள் கழித்தும் பாதிக்கு மேற்பட்டோர் ஊனத்தோடு இருந்தனர். சுமார் கால்வாசிப் பேர் முன்னைவிட மோசமாகியிருந்தனர் என்று 2006ல் தெரிவித்தார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1923ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் போனால் 30 சதவிகிதம் என்று எழுதியிருந்தது. கண், காது, கால் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. ஞாபகசக்தி போனதற்கு ஒரு வரி இருக்கவில்லை! 2020ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே கதைதான். பட்டியலில் இல்லாத காயத்தை டாக்டர் மதிப்பிட்டு எழுத வேண்டும். "ஆள் நடமாடுகிறானே, இவனுக்கு என்ன கேடு?" என்று காண்டிராக்டர் கேட்பார்.

ஆகவே வீட்டிலுள்ளவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன் படம் எதையும் தூக்கி எறியக் கூடாது. வலிப்பு வந்த தேதியையும், ஆள் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும் டாக்டரிடம் விவரமாகச் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான்: பட்டியலில் மூளைக் காயத்தைச் சேர்க்கட்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், தலையில் அடிபட்டு வீடு திரும்பிய ஒவ்வொருவரையும் ஆறாம் மாதத்திலும், பின்பு ஆண்டுக்கொரு முறையும் கூப்பிட்டுச் சோதிக்கட்டும். போக்குவரத்துச் செலவும் அன்றையக் கூலியும் சேர்த்துக் கொடுத்தால்தான் தொழிலாளி வருவார்.