நர்ஸம்மாவின் வேலைக்கு எது கணக்கு?

மதிப்பிற்குரிய பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். ஆய்வுக் கூட்டங்களில் செவிலியர்களிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

எத்தனை கர்ப்பிணிகளுக்கு ஆர்.சி.எச். பதிவு எண் போட்டாயிற்று, எத்தனை தடுப்பூசி, கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையதளத்தில் எத்தனை என்ட்ரி பாக்கி? இவை தேவையான கேள்விகளே. 2018-20இல் நாட்டில் லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி விடாமல் பின்தொடர்ந்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் பின்தொடர்தலுக்குத்தான் மாத அறிக்கையில் இடம் கிடைப்பதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையையே பாருங்கள். கொடுத்ததைக் குறிக்க ஒரு கட்டம் போதும். அந்தப் பெண் விழுங்குகிறாளா? பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் தடுத்திருப்பார். மலம் கறுத்ததைக் கண்டு பயந்து அவளே நிறுத்தியிருப்பாள். அட்டை பிரிக்கப்படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கும். நர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் மாமியாரின் மூட்டுவலியைக் கேட்டுவிட்டு, மெல்ல மாத்திரைப் பேச்சுக்கு வர வேண்டும். மாத்திரை போட்டதும் டீ குடிக்காதே என்று சொல்லி, அடுத்த வாரம் அட்டையை வாங்கி எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று எண்ண வேண்டும். ஹீமோகுளோபின் எட்டிலிருந்து பத்துக்கு ஏறுவது இப்படித்தான். முக்கால் மணி நேரம் செலவழித்த அந்த வீட்டுக்கும், வாசலிலேயே அட்டையை நீட்டிவிட்டு நகர்ந்த வீட்டுக்கும் அறிக்கையில் ஒரே மதிப்பு. உண்மையாக உழைப்பவளை இது சோர்வடையச் செய்கிறது, ஐயா.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் பெண்ணுக்கு இரண்டு நர்ஸ்கள் உழைக்கிறார்கள். பதிவு செய்த ஊர்க்காரி போனில் விசாரித்தபடி இருப்பாள். தாய்வீட்டு ஊர்க்காரி ரத்த அழுத்தம் பார்த்து, பிரசவத்துக்குப் பின் பச்சிளம் குழந்தையையும் போய்ப் பார்ப்பாள். கணக்கில் வருவது ஒரு பிரசவம்.

சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3000 பேருக்கு ஒன்று என்பது நடைமுறை. ஜவ்வாது மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற நேரம் இந்தத் தலைக்கணக்குக்குள் அடங்காது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அருமையான திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் வீட்டிலேயே மாத்திரை பெறுகிறார்கள். ஆனால் புது வேலை சேரும்போது பழையதில் எதைக் குறைப்பது என்பதையும் துறைதான் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 'விஸ்ன்' முறை, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை வைத்தே எத்தனை பணியாளர் வேண்டும் என்று கணக்கிடுகிறது. மலை, கடலோரம், நகரை ஒட்டிய ஊர் என்று சில துணை நிலையங்களைத் தேர்ந்தெடுத்து இங்கும் அதைச் செய்யலாம். நடை, பேச்சு, காத்திருப்பு, சிக்னல் தேடி நின்று செய்த பதிவு எல்லாவற்றையும் செவிலியர்களே எழுதட்டும். அந்தக் குறிப்பை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. பயந்து எழுதினால் பொய்க்கணக்குதான் வரும்.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'போனேன், மறுத்தார், மறுபடி போகும் தேதி' என்று மாத அறிக்கையில் ஒரு கட்டம் சேருங்கள். அதற்கு உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்