தாதி ஆசிரியராகும்போது



மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றிய தாதி ஒருவர், அப்பணியை விட்டு, 'பயோஃபீட்பேக்' எனப்படும் உயிரியல் பின்னூட்டத்தையும் உடல்தளர்வுப் பயிற்சியையும் தம் தொழிலாக ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் வாயிலிருந்து முதலில் வருவது, "படித்த படிப்பெல்லாம் வீணாகிவிட்டதே!" என்பதாகத்தான் இருக்கும். அக்கூற்றை நான் ஏற்கவில்லை.

அத்தொழிலில் நடப்பது என்ன? மனம் பதறும்போது விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, விரல் குளிர்கிறது. மனம் அமைதியுறும்போது விரலில் வெப்பம் ஏறுகிறது. விரலில் பொருத்திய சிறு கருவி இம்மாற்றத்தை உடனுக்குடன் திரையில் காட்டுகிறது. தசை இறுக்கம், இதயத் துடிப்பு ஆகியவற்றையும் இவ்வாறே காட்டலாம். அதைப் பார்த்துப் பார்த்து, தம் உடலைத் தாமே தளர்த்த நோயாளி கற்றுக்கொள்கிறார். கருவி எதையும் குணப்படுத்துவதில்லை. மாணவனின் பயிற்சி நூலில் நாம் இடும் திருத்தம் போன்றதுதான் அது.

இத்துறை புதியதன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை 1929ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். உயிரியல் பின்னூட்ட ஆய்வாளர்களுக்கான சங்கம் 1969இல் அமெரிக்காவில் தோன்றியது. 1981இல் அங்குத் தொடங்கப்பட்ட பிசிஐஏ என்னும் சான்றளிப்பு அமைப்பு, உளவியல் முதலிய துறைகளோடு தாதிமைத் துறையையும் ஏற்றுக்கொள்கிறது. உடற்கூற்றியல் பாடம், வழிகாட்டியின் மேற்பார்வையில் பயிற்சி, தேர்வு ஆகியவற்றைக் கடந்தே சான்றிதழ் பெற இயலும்.

இனி, தாதியின் பழைய படிப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. நாடித் துடிப்பையும் மூச்சையும் கவனித்துப் பழகிய கண்கள் அவருடையவை. ஒற்றைத் தலைவலிக்கு இப்பயிற்சி உதவக்கூடும்; ஆனால், திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலிக்கு முதலில் மருத்துவரையே நாட வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்தவர் அவர். எல்லா நோயும் தீரும் என்று கூறிக் கருவி விற்போர் மலிந்த இக்காலத்தில், அவ்வறிவு பெரும் பாதுகாப்பாகும்.

மருத்துவமனைக் கூடத்தில் முப்பது படுக்கைகளுக்கிடையே ஓடும் தாதிக்கு, ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து மூச்சுவிடக் கற்றுத்தர நேரம் ஏது? புதிய பணியில் அந்நேரம் கிடைக்கிறது. அவர் தாதிமையைக் கைவிட்டுவிடவில்லை, ஆசிரியராகவும் ஆகியிருக்கிறார்.

இதில் நமக்கும் பாடமுண்டு. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது; ஆயினும், எஸ்பிஎம் வரையில் தேர்வு அச்சம் நம் பிள்ளைகளை விட்டபாடில்லை. "பயப்படாதே" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். எப்படிப் பயப்படாமலிருப்பது என்பதை யார் கற்பிப்பது? மெதுவாக மூச்சை இழுத்துவிடவும், இறுகிய தோளைத் தளர்த்தவும் வகுப்பறையிலேயே பழக்கலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பெற்றோர்களே, வளர்ந்த உங்கள் மகளோ மகனோ நாளை வேறு துறைக்குச் செல்ல விரும்பினால், "இத்தனை ஆண்டு வீணா?" என்று கேட்டுவிடாதீர்கள். இதுவரை கற்றதில் எதை அங்கே கொண்டுசெல்லப் போகிறாய் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால், வாழ்த்தி அனுப்புங்கள்.