கவசமும் கயிறும்

சென்ற பழைய மாணவர் தினத்தன்று காலையில், நமது கலாசாலை முகப்பிலுள்ள வேப்பமர நிழலில் ஏழு ஜீப் வண்டிகள் வரிசையாய் நிற்கக் கண்டோம். அவற்றைச் சூழ்ந்து நின்ற மாணாக்கர் தொகை, மண்டபத்தினுள்ளே சொற்பொழிவு கேட்டிருந்தோர் தொகைக்குச் சற்றும் குறைந்ததன்று. வண்டிகளின் தோற்றமும் அதற்கேற்றதாகவே இருந்தது. முன்புறத்தில் முன்கைப் பருமனுள்ள இரும்புக் குழாய்கள் வளைந்து நின்றன. கூரைமேல் சாமான் தட்டும், அதன் விளிம்பில் நான்கு விளக்குகளும் இருந்தன. ஒன்றில், யானையின் துதிக்கையைப் போல் மேல்நோக்கிய காற்றுக்குழல் ஒன்று கண்ணாடியோரமாக உயர்ந்திருந்தது. வண்டிக்குரியவர்களுள் ஒருவரை, நம்மிடம் பயின்றவர் என்னும் உரிமையினால், "தம்பி, இவ்வளவும் எதற்கு?" என்று வினவினோம். "மலைக்கும் காட்டுக்கும் போகும்போது வேண்டுமே, ஐயா" என்றார். "ஆண்டுக்கு எத்தனை முறை போகின்றீர்?" என்றோம். "இரண்டு முறை, ஐயா. சில ஆண்டுகளில் மூன்று."

எஞ்சிய நாட்களில் அவ்வண்டி குழந்தைகளைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் சென்று, மாலையில் கடைத்தெருவின் நெரிசலுக்குள் நுழைந்து காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றது. இதில் குற்றமொன்றுமில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வண்டி வைத்திருக்க எல்லாராலும் இயலாது. ஆயினும் இரண்டு நாள் மலைப் பிரயாணத்துக்காகப் பூட்டிய சாமான் முந்நூற்றறுபது நாள் கடைத்தெருவிலும் உடன் வருகின்றது என்பதை அன்பர்கள் மறந்துவிடுகின்றனர். தினசரி ஓட்டும் வண்டிக்கு எந்தக் காப்பு தகும், எது தகாது என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இங்கே கூற விரும்புகின்றோம். இது பலருக்கு உவப்பாயிராது என்பதை அறிவோம்.

ஜீப் என்னும் வண்டி 1941ஆம் ஆண்டில் அமெரிக்கச் சேனைக்கென்று பெருவாரியாகச் செய்யப்படலாயிற்று. போர்க்களத்துக்கே சென்ற அவ்வண்டிக்குக் கவசம் கிடையாது. அதன் எடை ஏறக்குறைய 1,100 கிலோகிராம்தான். சிக்கிக்கொண்டால் சிப்பாய்கள் சிலர் கூடித் தூக்கித் தள்ளிவிடலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. அதன் பக்கவாட்டில் வாரினால் கட்டப்பட்டிருந்தவை ஒரு மண்வெட்டியும் ஒரு கோடரியும். நாம் கண்ட ஏழு வண்டிகளில் மண்வெட்டி ஒன்றிலும் இல்லை.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டில் நமது நாட்டில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியை உதாரணமாகக் கொள்வோம். அதன் வெற்றெடை ஏறக்குறைய 1,210 கிலோ. ஆட்களும் சாமான்களும் உட்பட அது தாங்கத்தக்கதென்று செய்தவர்கள் விதித்திருக்கும் எடை 1,545 கிலோ. ஆகவே ஏற்றக்கூடிய பாரம் 335 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் நால்வர் அமர்ந்தால் 280 கிலோ போயிற்று. எஞ்சியது 55 கிலோ. இனி, கம்பி வடம் சுற்றிய வின்ச் ஒன்று 40 கிலோவை ஒட்டியிருக்கும். அதைத் தாங்கும் இரும்புப் பம்பரும் சேர்ந்தால் அந்த 55 கிலோவும் தீர்ந்து கடனும் ஏற்படும். கூரைத்தட்டையும் அதன்மேல் ஏற்றும் பொருளையும் இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. இப்படி மிகுதியாக ஏறிய பாரம் பிரேக்கிலும் ஸ்பிரிங்கிலும் டயரிலும் நாள்தோறும் வட்டி வாங்குகின்றது. கூரைமேல் ஏறிய பாரமோ, வளைவில் வண்டியைக் கவிழ்க்கவும் துணை செய்கின்றது. உலோகக் கவசம் வாங்குவோர் விலையை மட்டும் கேளாமல் எடையையும் கேட்பது நலம்.

அடுத்தது முன்புறத்து இரும்புக்குழாய். புல்பார் என்று கடைகளில் வழங்குவது இதுவே. இதைப் பற்றி நாம் சிறிதும் தயங்காமல் சொல்வதாவது: நகரத்தில் ஓடும் வண்டியில் இஃது இருக்கலாகாது. இக்காலத்து வண்டிகளின் முகப்பு, மோதும்போது நசுங்கி அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. மோதலின் வேகத்தை உணரும் கருவிகள் அதனையளந்து காற்றுப்பைகளை விரியச் செய்கின்றன. நடுவே அடிச்சட்டத்தோடு இறுக்கிய ஓர் இரும்புக் கம்பி நின்றால், அதிர்ச்சி செல்லும் வழியே மாறிவிடுகின்றது. பை விரிய வேண்டிய கணத்தில் விரியுமென்று அதன்பின் யார் உறுதி கூற வல்லார்? உள்ளிருப்பவர் நிலை இது. வெளியே நடப்பவர் நிலை இதனினும் கொடியது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் கால்நடையாகச் சென்றவர்கள் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகின்றது. மெல்லிய தகட்டு முகப்பில் அடிபடுவதும் அசையாத இரும்பில் அடிபடுவதும் ஒன்றல்ல. அதிலும் உயர்ந்த வண்டியின் குழாய், பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுவனுக்குத் தலைக்கு நேராக வருகின்றது.

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கவில்லை. இத்தகைய கம்பிகளைப் பூட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானதென்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாகாணங்களுக்கும் எழுதியது. செய்தவர்களின் குறிப்புக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆதலின் எந்தச் சாமானைப் பூட்டுமுன்னும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நன்று. கடைக்காரரின் வாய்மொழி போதாது.

"இரவில் நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வருமே, அப்போது?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. நாமும் இரவில் மாட்டைக் கண்டு நடுங்கியவர்கள்தாம். ஆனால் அதற்குரிய மருந்து வேகத்தைக் குறைப்பதும், விளக்குகளை ஒழுங்காகச் சீர்செய்து வைப்பதுமேயாம். கம்பி இருக்கின்றதென்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டியவர்களையும் நாம் கண்டிருக்கின்றோம்.

அப்படியாயின் காப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் வண்டியின் அடியில் வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடமாதலின் அங்கே செலவு செய்ய மனம் வருவதில்லை. கல்லும் முண்டும் நிறைந்த பாதையில் முதலில் அடிபடுவது எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி. அது கிழிந்து எண்ணெய் வழிந்தால் அத்தோடு பிரயாணம் முடிந்தது. கவனியாமல் மேலும் ஓட்டினால் எஞ்சினும் முடிந்தது. அடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியும், பெட்ரோல் தொட்டியும் அபாயத்துக்குள்ளாவன. இவற்றின்கீழ் அலுமினியத் தகடோ இரும்புத் தகடோ பூட்டுவது நியாயமான செலவு. தகட்டில் எண்ணெய் மாற்றுவதற்குரிய துளை இருக்கின்றதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பணிமனையில் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றுவார்கள். நான்காம் முறைக்குப் பின் மீண்டும் பூட்டமாட்டார்கள். சேறு தங்கித் துருப்பிடிக்காமல் அவ்வப்போது கழுவுதலும் அவசியம். கதவுகளின்கீழ் நெடுக ஓடும் இரும்புச் சட்டமும் பயனுடையதே. அது தகட்டுடம்போடு பூட்டப்படாமல் அடிச்சட்டத்தோடு பூட்டப்பட்டதாயிருத்தல் வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்துவோரும் உளர். இருசு முழுத்துண்டாயுள்ள வண்டிகளில், இருசின் நடுவே தொங்கும் பற்சக்கரக் கூடு ஸ்பிரிங் உயர்ந்ததனால் ஓர் அங்குலமும் உயர்வதில்லை. உயர்வது உடம்பு மட்டுமே. கூடு உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். டயர் பெரிதானால் பிரேக்குக்கு வேலை மிகும். வேகமானியும் பொய் சொல்லும். தினசரி வண்டிக்கு இவ்வளவு வினையும் வேண்டியதில்லை என்பது நமது எண்ணம்.

இனிக் கயிற்றுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த தை மாதத்தில், நண்பர் ஒருவருடன் ஓர் ஏரியின் உட்புறமாகச் சென்றோம். மேலே காய்ந்து வெடித்திருந்த களிமண் உள்ளே களியாகவே இருந்தது. வண்டி அச்சு வரையில் இறங்கிற்று. அவ்வண்டியில் விலையுயர்ந்த வின்ச் இருந்தது. ஆனால் வடத்தை மாட்டுதற்கு ஏரிக்குள் மரமேது? மண்வெட்டி இல்லாமையால் சாப்பாட்டுத் தட்டினால் மண்ணைத் தோண்டினோம். மூன்று மணி நேரத்துக்குப் பின் ஓர் உழவர் டிராக்டருடன் வந்து, இரும்புச் சங்கிலியைப் பம்பரில் மாட்டி இழுத்தார். பம்பரைத் தாங்கிய தகடு பிய்ந்தது. கொக்கி நம் தலைக்கு இரண்டு முழ தூரத்தில் பறந்து சென்று கரையில் புதைந்தது. அவ்வுழவரைக் குறை கூறோம். இழுப்பதற்குரிய இடம் எதுவென்று வண்டிக்காரரான நாங்களே அறியோம். அன்றிரவு வெகுநேரம் எமக்கு உறக்கம் வரவில்லை.

ஆகவே முதலில் வாங்கத்தக்கது, அடிச்சட்டத்தோடு உறுதியாய்ப் பூட்டிய இழுவைக் கொக்கி. முன்னும் பின்னும் ஒவ்வொன்று. சரக்கு வண்டி கட்டி இழுப்பதற்கென்று பின்னால் வைக்கும் உருண்டைக் குமிழ் இதற்கு ஆகாது. அது முறிந்து பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்து ஆட்களைக் கொன்றதுண்டு. ஆஸ்திரேலியாவில் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன. பிறகு கயிறு. நைலானால் செய்த மீட்புக் கயிறு இழுக்கும்போது தன் நீளத்தில் ஐந்திலொரு பங்கும் அதற்கு மேலும் நீண்டு, பின் சுருங்கி, சிக்கிய வண்டியை மெல்ல உருவியெடுக்கும். சங்கிலிக்கு இக்குணம் இல்லை. அது வெடுக்கென்று இழுத்து ஏதேனுமொன்றை முறிக்கும். நைலான் நீளுமென்பதனாலேயே அதில் அடங்கிய சக்தியும் பெரிது. எனவே கயிற்றின் நடுவே கனத்த கம்பளியொன்றைப் போட்டு, சுற்றி நிற்பவரையெல்லாம் கயிற்றின் நீளத்தினும் அதிக தூரத்தில் நிறுத்திய பின்னரே இழுத்தல் வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை விலக்குவதுதான் இதில் மிகக் கடினமான பகுதி.

இதற்கும் முன்னே செய்யத்தக்க ஒன்றுண்டு. அதற்குச் செலவே இல்லை. டயரிலுள்ள காற்றைக் குறைப்பது அது. தார்ச்சாலையில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் வரை இருக்கும் காற்றை மணலில் 18 ராத்தலுக்கு இறக்கினால், டயர் அகன்று நீண்டு படிந்து, மூழ்காமல் நகரும். சிக்கிய வண்டிகளுள் பல இதனாலேயே வெளிவந்துவிடும். ஆனால் தார்ச்சாலைக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடைத்தாக வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும், வளைவில் விளிம்பைவிட்டுக் கழலவும் கூடும். ஆதலின் காற்றை அளக்கும் கருவியும் பாட்டரியில் ஓடும் சிறு பம்பும் உடன் இருத்தல் வேண்டும். தினசரி ஓட்டத்தில் பஞ்சரானபோதும் இவை கைகொடுக்கும்.

கயிறு, இரண்டு ஷாக்கிள், மண்வெட்டி, பம்பு, கையுறை, சக்கரத்தின்கீழ் வைக்கும் ஒரு ஜோடிப் பலகை: இவ்வளவும் சேர்ந்து வின்ச்சின் எடைக்கு வாரா, விலைக்கும் வாரா. தனியே காட்டுக்குச் செல்பவருக்கு வின்ச் வேண்டும் என்பதை ஒப்புகின்றோம். ஆனால் நம்மவர் பெரும்பாலும் இரண்டு மூன்று வண்டிகளாகவே செல்கின்றனர். அங்கே மற்றொரு வண்டியே வின்ச். காட்டுப் பாதைகளில் பல, வனத்துறையின் அனுமதியின்றி நுழையத் தகாதன என்பதையும் இவ்விடத்தே நினைவூட்டுகின்றோம்.

துதிக்கைக் குழலைப் பற்றி ஒரு சொல். 2015ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் சென்னையில் வெள்ளம் வந்தபின் இதன் விருப்பம் பெருகிற்று. எஞ்சின் நீரை உறிஞ்சாமல் காப்பது இதன் வேலை. அதை ஒழுங்காகவே செய்யும். எனினும் எஞ்சினுக்குப் புறம்பான மின்கருவிகளையும் இருக்கைகளையும் அது காப்பதில்லை. நீரின் இழுப்பில் மிதந்து செல்லும் வண்டியை நிறுத்தும் வலிமையும் அதற்கில்லை.

சாமான்களை வண்டியினுள் வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள ஷாக்கிள் பின்னிருக்கைக்குப் பின்னே தளர்ந்து கிடந்தால், அவசரமாக பிரேக் பிடிக்கும்போது அது முன்னே பாயும். அங்கே அமர்ந்திருப்பவை நம் குழந்தைகள். பெட்டியிலிட்டு வாரினால் தரையோடு இறுக்கிக் கட்டிவிட வேண்டும்.

அன்று மாலை விருந்து முடிந்தபின் அவ்வேழு நண்பர்களையும் நோக்கி, "கயிறு எத்தனை பேரிடம் உண்டு?" என்று கேட்டோம். மூவர் கை தூக்கினர். மூன்று கயிறுகளில் இரண்டு, வாங்கிய உறையே பிரிக்கப்படாமல் இருந்தன. நமது விளையாட்டு மைதானத்தின் கீழ்க்கோடி, ஐப்பசி மழைக்குப் பின் எவ்வளவு ஆழமாகச் சேறாகுமென்பதைக் கால்பந்தாட்டக்காரர் அனைவரும் அறிவர். அடுத்த பழைய மாணவர் தினத்தில் அங்கே ஒரு வண்டியை இறக்கி, உறை பிரித்த கயிற்றைக்கொண்டு எல்லாரும் பார்க்க அதை வெளியேற்றிக் காட்டுவதென்று நால்வர் உடன்பட்டிருக்கின்றனர். உடற்பயிற்சி ஆசிரியரின் அனுமதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.